டிசம்பர் வந்தால் லேனியர் ஏரியில் பாஸ் எங்கே போகிறது?

அக்டோபர் வரை, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து லேனியர் ஏரியில், கம்மிங் ஊர்ப் பக்கத்துப் பூங்காக்களில் கரையில் நின்றே பாஸ் மீன் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். நவம்பர் கடைசிக்குப் பிறகு ஐந்து தடவை போயும் ஒரு கொத்துகூட இல்லை. குளிர்காலத்தில் லேனியரில் மீன் உறங்கிவிடுமா, தூண்டில் ராடைத் துடைத்து மார்ச் வரை மூலையில் சாத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். நண்பரிடம் படகு இருக்கிறது, இந்தக் குளிரில் அவரை இழுத்துக்கொண்டு போவது வீணா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

சாத்தி வைக்காதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசிவரை லேனியரில் பாஸ் பிடிக்க நல்ல காலம். பதினான்கு வருடமாக இந்த ஏரிக்குப் போய்வருகிறேன். என் மனதில் நிற்கும் காலைப்பொழுதுகளில் பாதிக்குமேல் ஜனவரியில் வாய்த்தவை. கோடையில் ஏரியைக் கலக்கும் ஜெட் ஸ்கியும் கூச்சலும் அப்போது இருக்காது. ஆனால் முதல் இரண்டு குளிர்காலமும் நான் வெறுங்கையோடுதான் திரும்பினேன். அக்டோபரில் மீன் கொத்திய அதே இடத்தில், அதே வேகத்தில், ஜனவரியிலும் எறிந்துகொண்டிருந்தேன். மீன் உறங்கவில்லை, ஏரிக்கு அடியில் கிடக்கும் பழைய ஓடைப் பள்ளங்களுக்கு இடம் மாறியிருந்தது. அந்தப் பள்ளங்களைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப்போகிறேன். தூண்டில் சாமான்களைப் பற்றிக் குறைவாகவே சொல்வேன். கடையில் நிற்கும் நேரத்தை வரைபடத்தின் முன் செலவழித்தால் மீன் சீக்கிரம் கிடைக்கும்.

முதலில் எந்த மீன் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஊரில் 'சீ பாஸ்' என்று விற்பது கொடுவா. அதற்கும் இதற்கும் உறவில்லை. லேனியரில் மூன்று மீன்கள் பாஸ் என்ற பெயரோடு திரிகின்றன. உடம்பில் நீளக் கோடுகளோடு பெரிதாக வளரும் ஸ்ட்ரைப்பர், மாநில இயற்கைவளத் துறை குஞ்சு விட்டு வளர்ப்பது. அது கடலிலிருந்து ஆறேறும் தனிக் குடும்பம். அதைப் பிடிக்கும் முறையும் வேறு. இரண்டாவது லார்ஜ்மவுத். நம் விராலைப் போல மறைவில் பதுங்கி நின்று பாயும் மீன். 1932ல் இதே ஜார்ஜியாவில் மான்ட்கோமெரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009ல் ஜப்பானின் பிவா ஏரியில் பிடிபட்ட ஒன்று அந்த எடையைச் சமன் செய்தது. அதிகாரபூர்வமாகத் தாண்டியது எதுவும் இல்லை. ஆனால் லேனியரில் உங்கள் முள்ளில் ஏறப்போவது பெரும்பாலும் மூன்றாவது வகையான ஸ்பாட்டட் பாஸ். இங்குள்ளவர்கள் சுருக்கமாக 'ஸ்பாட்' என்பார்கள். இப்போது இதை அலபாமா பாஸ் என்று தனி இனமாகவே பிரித்துவிட்டார்கள். இரண்டு மூன்று பவுண்டு சாதாரணம், நாலு நல்ல மீன், ஐந்தைத் தொட்டால் வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லலாம்.

இந்த ஸ்பாட்டின் குணம்தான் நம் குளிர்கால நம்பிக்கை. லார்ஜ்மவுத் குளிரில் சுணங்கிவிடும். ஸ்பாட் கூட்டமாகவே திரியும், ஆழத்துக்குத் தயங்காது, குளிர்ந்த தண்ணீரிலும் இரையைத் துரத்தும். ஒன்று கொத்திய இடத்தில் அநேகமாக இன்னும் நாலைந்து இருக்கும். குளிர்காலத்தில் ஏரியின் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். மீன் இருக்கும் சின்னச் சின்ன இடங்களில் நெருக்கமாக இருக்கும். ஐந்து தடவை ஒன்றும் கிடைக்காமல் போனதற்கும், ஆறாவது தடவை ஒரு மணி நேரத்தில் பத்து கிடைப்பதற்கும் காரணம் இதுவே.

இனி தண்ணீருக்குள் நடப்பதைப் பார்ப்போம். சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே பியூஃபோர்டு அணை 1956ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பின்னால் தேங்கிய தண்ணீர் ஏறக்குறைய 38,000 ஏக்கர்; கரையின் நீளம் மட்டும் 692 மைல். அணையை ஒட்டிய இடங்களில் 150 அடிக்கு மேல் ஆழம் உண்டு. கோடையில் இந்தத் தண்ணீர் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே இருபத்தைந்து முப்பது அடிக்கு வெதுவெதுப்பான தண்ணீர், கீழே குளிர்ந்த கனமான தண்ணீர். இரண்டும் கலக்காது. செப்டம்பர் வாக்கில் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதனால்தான் கோடையின் கடைசியில் அடியாழத்தில் எறிவது வீண் வேலை.

நவம்பரில் இரவுகள் குளிரக் குளிர மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்குகிறது. அடுக்கு உடைந்து ஏரி தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது. இதைத்தான் 'டர்ன்ஓவர்' என்கிறார்கள். அந்த நாட்களில் ஏரியின் சில கிளைகளில் அழுகிய முட்டை வாடை வரும், தண்ணீர் பழுப்பாகத் தெரியும், மீனும் முரண்டு பிடிக்கும். உங்கள் ஐந்து தடவைகளில் ஒன்றிரண்டு இதில் மாட்டியிருக்கலாம். அது ஓய்ந்தபிறகு மேலிருந்து அடிவரை ஏறக்குறைய ஒரே வெப்பம், எல்லா ஆழத்திலும் ஆக்சிஜன். கூடத்திலேயே முடங்கிக் கிடந்த குடும்பத்துக்கு மாடியும் நிலவறையும் ஒரே நாளில் திறந்துவிட்டாற்போல. ஜனவரியில் தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 10 டிகிரி செல்சியஸ் பக்கம் நிற்கும். காலையில் எட்டடி ஆழத்தில் இருக்கும் மீன் மதியம் ஐம்பது அடியில் இருக்க எந்தத் தடையும் இல்லை. நீங்கள் நின்ற கரையோரம் அதன் வீட்டில் ஒரே ஒரு அறை. அந்த அறைக்கும் அது இன்னும் வருகிறது, ஆனால் வேளை பார்த்து வருகிறது.

என் ஊர் மேட்டூர் அணைக்குப் பக்கம். நீர்மட்டம் நன்றாக இறங்கும் வருடங்களில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். சின்ன வயதில் அதைப் பார்க்கப் போகும்போது, தண்ணீருக்கு அடியில் ஒரு நிலம் அப்படியே இருக்கிறது என்ற நினைப்பு மனதில் பதிந்துவிட்டது. பரிசலில் வலை போடுகிறவர்கள் எங்கே பழைய பள்ளம், எங்கே பாறை என்று மனக்கணக்காக வைத்திருப்பார்கள். லேனியரும் அப்படித்தான். 2007 டிசம்பரில் வறட்சியால் ஏரி ஏறக்குறைய இருபது அடி இறங்கியபோது பழைய கார்ப் பந்தய மைதானத்தின் கான்கிரீட் படிக்கட்டுகள் வெளியே வந்தன. சாலை, வயல், வேலி, ஓடை எல்லாம் அடியில் இருக்கின்றன. ஆழமான வாய்க்கால்களில் வெட்டாமல் விட்ட மரங்கள் இன்றும் நின்றபடியே இருக்கின்றன. குளிர்கால மீன்பிடி என்பது மூழ்கிய அந்த நிலத்தை வாசிப்பது.

அதில் நமக்கு முக்கியம் சின்ன ஓடைகள். இங்குள்ளவர்கள் 'டிட்ச்' என்கிறார்கள். அணை கட்டும் முன் மழைத்தண்ணீர் மேட்டிலிருந்து பெரிய ஓடைக்கு இறங்கிய பள்ளங்கள் இவை. ஏரியின் ஒவ்வொரு கிளையிலும், ஒவ்வொரு சிறு வளைவின் கடைக்கோடியிலும் ஒன்று தொடங்கும். கரையில் ஐந்தடி ஆழத்தில் ஆரம்பித்து, நெளிந்து நெளிந்து, நாற்பது ஐம்பது அடியில் பெரிய வாய்க்காலோடு சேரும். அகலம் ஒரு மாட்டுவண்டித் தடம் அளவுதான் இருக்கும். இருபுறத்தையும்விட நாலைந்து அடி ஆழம் கூடுதல். மீனுக்கு அது நெடுஞ்சாலை. ஆழத்தில் இரவைக் கழித்த ஹெர்ரிங் என்ற இரைமீன் கூட்டம் விடியும்முன் இந்தப் பள்ளம் வழியாகக் கரைப் பக்கம் ஏறும். பின்னாலேயே ஸ்பாட் ஏறும். வெயில் தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் வந்த வழியே இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜனவரியில் இங்கே சூரியன் ஏழே முக்காலை ஒட்டித்தான் உதிக்கும். ஏழு மணிக்கு, மங்கலான வெளிச்சத்தில், ஓடையின் தலைப்பக்கம் ஐந்திலிருந்து பதினைந்து அடியில் எறிவேன். எட்டரை வாக்கில் அங்கே கொத்து நிற்கும். நிற்கிறது என்றால் மீன் போய்விட்டது என்று படகை வேறு இடத்துக்கு ஓட்டக்கூடாது. அதே ஓடையில் ஐம்பது அறுபது அடி தூரம் ஆழத்துப் பக்கம் நகர்ந்தால் போதும். ஒன்பது மணிக்கு இருபத்தைந்து அடி, பத்தரைக்கு முப்பத்தைந்து அடி, மதியம் ஓடையின் வாய், அதாவது பெரிய வாய்க்காலோடு சேரும் இடத்தில் நிற்கும் மரங்கள். மேகமூட்டமான நாளில் இந்த இறக்கம் மெதுவாக நடக்கும். பதினொரு மணிவரை கரையோரத்திலேயே கொத்தியதைப் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு குளிர்காலத்தில் நான் ஏரிக்கு வந்துசேர்ந்ததே பத்து மணிக்கு. குளிர் குறையட்டும் என்று காபி குடித்துவிட்டு வந்தேன். மீன் அப்போது இறங்கிப்போயிருக்கும், நான் கரையைப் பார்த்து எறிந்துகொண்டிருப்பேன்.

ஓடையைக் கண்டுபிடிப்பது எப்படி? நேவியானிக்ஸ் போன்ற ஆழவரைபடச் செயலியில் சமஆழக் கோடுகளைப் பாருங்கள். கோடுகள் கரைப் பக்கமாகக் கூராக உள்ளே குத்தி நிற்கும் இடமெல்லாம் ஓடை. அதைவிட எனக்குப் பிடித்த வழி கண்ணால் பார்ப்பது. கரை மேட்டில் மழைத்தண்ணீர் அரித்து இறங்கிய பள்ளம் ஒன்று இருந்தால், அது தண்ணீர் விளிம்பில் முடிந்துவிடாது. உள்ளேயும் அதே போக்கில் தொடரும். குளிர்காலத்தில் மரங்கள் இலை உதிர்த்து நிற்பதால் மேட்டின் மடிப்புகள் தெளிவாகத் தெரியும். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய நில வரைபடங்களும் இணையத்தில் கிடைக்கின்றன; அணைக்கு முந்தைய தாளை எடுத்தால் ஓடைகள் பெயரோடு இருக்கும்.

நூறு ஓடை இருக்கும், பத்தில்தான் மீன் இருக்கும். நல்ல ஓடைக்கு என் அடையாளங்கள்: பெரிய வாய்க்காலுக்குக் கிட்டத்தில் இருக்கவேண்டும், ஏறும் தூரம் குறைவாக இருந்தால் மீன் அடிக்கடி ஏறும். வாயில் மரமோ பாறையோ இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், இரைமீன் இருக்கவேண்டும். இது இல்லாவிட்டால் முதல் இரண்டும் வீண்.

ஹெர்ரிங் என்பது நம் மத்தி, சாளை குடும்பம். முதுகு நீலப் பச்சை, வயிறு வெள்ளி. அட்லாண்டிக் கரையோரத்து மீன், லேனியருக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்து இன்று ஏரியின் உணவுச் சங்கிலியையே மாற்றி அமைத்துவிட்டது. இங்கேயே பெருகும் திரெட்ஃபின் ஷாட் என்ற சின்ன மீனுக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 45 டிகிரிக்குக் கீழே போனால் தள்ளாடி மிதக்கத் தொடங்கும். ஹெர்ரிங் அந்தக் குளிரையும் தாங்கும், ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடுவதால் ஸ்பாட்டும் ஓடுகிறது. இரைமீன் இருப்பதைச் சோனார், அதாவது ஒலி அலையால் மீனைக் காட்டும் கருவி, இல்லாமலும் அறியலாம். ஊரில் ஏரி நடுவே நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்தால் கீழே மீன் என்று தெரிந்துகொள்வோமே, அதேதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து லூன் என்ற பெரிய முங்குபறவைகள் லேனியருக்கு வருகின்றன. இரண்டு மூன்று லூன்கள் ஒரு கிளையில் சேர்ந்து முங்கினால் கீழே ஹெர்ரிங் உண்டு. கடற்காக்கைகள் தண்ணீரைக் கொத்திப் பறந்தால் கூட்டம் மேலேயே இருக்கிறது. விடியற்காலையில் ஓடையின் தலையில் நீலநாரை ஆடாமல் அசையாமல் நின்றால், அதற்கு முன்னால்தான் என் முதல் எறிதல். அது வேலையில்லாமல் அங்கே நிற்காது.

இப்போது வேகம். மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம். 50 டிகிரியில் செரிமானம் மந்தமாகிவிடும். ஒரு நல்ல ஹெர்ரிங்கை விழுங்கினால் நாட்கணக்கில் தாங்கும். அதனால் அது இரைக்காகச் செலவிடும் பலத்தைச் சிக்கனமாக வைத்துக்கொள்கிறது. விடியலில் கூட்டமாகத் துரத்தும் அரை மணி நேரம் மட்டும் விதிவிலக்கு. அப்போது ஜெர்க்பெயிட் என்ற ஒல்லியான மீன் வடிவப் போலி இரையை இழுத்து நிறுத்தி, ஐந்து வரை எண்ணி, மறுபடி இழுங்கள். இரை நிற்கும்போதுதான் மீன் அடிக்கும். அல்லது மூன்று அங்குல வெள்ளை ஸ்விம்பெயிட்டை, அதாவது வாலாட்டி நீந்தும் ரப்பர் மீனை, கால் அவுன்ஸ் ஈயத்தலையில் மாட்டி, தரைக்குச் சற்று மேலாக, கைப்பிடியை எவ்வளவு மெதுவாகச் சுற்றமுடியுமோ அவ்வளவு மெதுவாகச் சுற்றுங்கள். மெதுவாகச் சுற்றுகிறேன் என்று நாம் நினைப்பதில் பாதி வேகம் போதும். விரல் விறைத்திருக்கும்போது கை தானாகவே அவசரப்படும்.

ஆழம் தெரிந்து எறிய ஒரு எளிய வழி உண்டு. படகுக்குப் பக்கத்திலேயே, ஆழம் தெரிந்த இடத்தில், அதே லூரை, அதாவது போலி இரையை, கீழே விட்டுத் தூண்டில் நரம்பு தொய்யும்வரை எண்ணுங்கள். இருபது அடிக்கு உங்கள் கணக்கு எத்தனை என்று தெரிந்துவிட்டால் அதன்பின் எங்கே எறிந்தாலும் எண்ணிக்கையே அளவுகோல்.

வெயில் ஏறிய பிறகு என் நம்பிக்கை முழுவதும் தரையில் ஊரும் சாமான்கள் மேல். குஞ்சம் கட்டிய ஈயத்தலை முள்ளான பழுப்பு நிற ஜிக், அல்லது மெல்லிய ரப்பர் புழு மாட்டிய ஈயத்தலை முள்ளான ஷேக்கி ஹெட். ஹெர்ரிங் கிடைக்காத நேரம் ஸ்பாட் பாறை இடுக்கிலிருக்கும் கிரேஃபிஷைத் தின்னும். சின்ன சிங்கி இறால் மாதிரி இருக்கும் உயிர் அது. ஜிக் அதைப் போல் ஊரவேண்டும். படகை ஓடையின் ஆழப் பக்கம் நிறுத்தி, தலைப்பக்கம் எறிந்து, சரிவு வழியாகக் கீழே இறக்குங்கள். நரம்பு ஆறு முதல் எட்டு பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் போதும். ஏரியின் தெற்குப் பாதி கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால் தடித்த நரம்பை மீன் பார்த்துவிடும்.

குளிர்காலக் கொத்து எப்படி இருக்கும் என்று தெரியாமல்தான் பலர் மீனை விடுகிறார்கள். அக்டோபரில் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓடியதே, அது இப்போது நடக்காது. ஈரத் துணி ஒன்று நரம்பில் சிக்கியதுபோல் லேசாகக் கனக்கும். அல்லது இறங்கிக்கொண்டிருந்த நரம்பு தரையைத் தொடும் முன்பே நின்றுபோகும். இரண்டில் எது நடந்தாலும் சந்தேகப்படாமல் முள்ளை ஏற்றுங்கள். பத்தில் நாலு தடவை இலையாக இருக்கலாம்.

மதியத்துக்கு மேல் நாற்பது ஐம்பது அடியில் மீன் மரக்கிளைகளுக்கு மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். சோனாரில் வளைகோடுகளாகத் தெரிந்தால் படகை நேர்மேலே நிறுத்தி, ஸ்பூன் என்ற உலோகத் தகட்டையோ, முள்ளுக்குக் கீழே ஈயம் தொங்கும் டிராப் ஷாட்டையோ செங்குத்தாக இறக்கலாம். மீன் நகர்வதை அப்படியே படமாகக் காட்டும் நேரலைச் சோனார்கள் வந்தபிறகு இது எளிதாகிவிட்டது. ஆனால் இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, நீங்கள் தொடங்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே இழுத்த மீனின் காற்றுப்பை உப்பிவிடுகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். விட்டதும் கீழே போகமுடியாமல் பக்கவாட்டில் மிதக்கும். அப்படியே விட்டால் பிழைப்பது கஷ்டம். நான் நாலாவது வருடம் ஒரு மதியம் ஐம்பது அடியிலிருந்து பதினொன்று பிடித்து மகிழ்ச்சியாக விட்டுக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தால் நாலு வெள்ளை வயிறு தண்ணீரில் தெரிந்தது. அன்றிலிருந்து விட்டுவிடும் எண்ணத்தோடு முப்பத்தைந்து அடிக்குக் கீழே எறிவதில்லை. அந்த ஆழத்தில் பிடித்தே ஆகவேண்டும் என்றால், தாடையில் கவ்வி எடையோடு கீழே இறக்கும் கிளிப் ஒன்று கைவசம் இருக்கட்டும். அல்லது சமைக்கத் தேவையான அளவு வந்ததும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுங்கள். காற்றுப்பையில் ஊசி குத்தும் முறையும் உண்டு. தெரிந்தவர் பக்கத்தில் நின்று காட்டாமல் செய்யாதீர்கள்.

வானிலை பற்றிச் சுருக்கமாக. குளிர்காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், மேகமே இல்லாமல் நீலவானம் பளபளக்கும் நாள், நமக்கு அழகாக இருக்கும்; மீனுக்கு ஆகாது. தரையோடு ஒட்டிக்கொள்ளும். மந்தாரமும் லேசான காற்றும் உள்ள நாளே நல்லது. தண்ணீர்ப் பரப்பு சிற்றலையாக நொறுங்கினால் மீன் துணிச்சலாக மேலே வரும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால், பிற்பகலில், தெற்கு பார்த்த பாறைக் கரைகளைப் பாருங்கள். கல் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி கூடினாலே கிரேஃபிஷ் அசையும். பலத்த மழைக்குப் பிறகு வடக்குப் பக்கம், ஆறு வந்து சேரும் பகுதி, செம்மண் கலங்கி டீ போலாகிவிடும். அப்போது பிரௌன்ஸ் பாலத்துக்குத் தெற்கே வந்துவிடுங்கள்.

படகு இல்லாத நாட்களுக்கு வருவோம். கரையிலிருந்தும் குளிர்காலத்தில் பிடிக்கலாம், ஆனால் அக்டோபரில் நின்ற தட்டையான மணல் கரை உதவாது. இரண்டடி எடுத்து வைத்தால் ஆழம் இறங்கும் கரையும், கைக்கு எட்டும் தூரத்தில் ஓடையும் வேண்டும். பூங்காக்களின் மூக்குபோல் நீட்டிய மேடுகளின் பக்கவாட்டு, பாலத்தடிக் கற்கரை, இவற்றைத் தேடுங்கள். ஏரியை நிர்வகிக்கும் ராணுவப் பொறியாளர் படை குளிர்காலத்தில் சில பூங்காக்களை மூடிவிடும், போகும் முன் அவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து எறிகிறவருக்கு லூர் ஆழத்திலிருந்து மேடேறி வரும். அது விடியலில் மீன் ஏறும் அதே திசை. அதனால் அந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் படகுக்காரரைவிடக் கரைக்காரர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்ல. தண்ணீர் இறங்கியிருக்கும் நாளில் வெறும் செம்மண் கரையில் நடந்து, ஓடைகள் தொடங்கும் இடத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரி நிறைந்தபிறகு அந்தப் படங்களுக்கு விலையே இல்லை.

நண்பரின் படகில் போனால் ஒரே ஒரு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்கவேண்டும், கரையைவிட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும்வரை. 50 டிகிரித் தண்ணீரில் விழுந்த முதல் நிமிடம் மூச்சுத் திணறும். நீச்சல் தெரிந்தவரும் தண்ணீரை உறிஞ்சிவிடுவார். அதன்பிறகு கைகால் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். காவிரியில் நீந்தி வளர்ந்தவன் என்ற தைரியம் எனக்கும் இருந்தது. ஒரு ஜனவரி காலை படகுத்துறையின் பாசியில் சறுக்கி இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தேன். கரை கையெட்டும் தூரத்தில் இருந்தும் ஏறமுடியாமல் கூட வந்தவர் இழுத்துவிட்டார். இன்ஜினை நிறுத்தும் கயிற்றை ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்கவேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து அது நாடு முழுவதும் சட்டம். காரில் ஒரு முழு மாற்றுத்துணி, துண்டு, பிளாஸ்கில் சுடுதண்ணீர் வையுங்கள். குளிர்காலத்தில் ஏரியில் ஆள் நடமாட்டம் இல்லை என்று மேலே மகிழ்ச்சியாகச் சொன்னேன்; கூப்பிட்டால் கேட்பதற்கும் ஆள் இருக்காது என்பது அதன் மறுபக்கம்.

மீன்பிடி உரிமம் பதினாறு வயது நிறைந்தவர்களுக்கு வேண்டும். எத்தனை மீன், குறைந்தது எத்தனை அங்குலம் என்ற விதி ஏரிக்கு ஏரி மாறுவதால் அந்த வருடத்து விதிப்புத்தகத்தில் லேனியர் என்று தேடிப் பார்த்துவிடுங்கள். வாளியில் மீதமான உயிர் இரையை இன்னொரு ஏரியில் ஊற்றாதீர்கள். சாப்பிடலாமா என்றால், தாராளமாக. குளிர்தண்ணீர் ஸ்பாட்டின் சதை கெட்டியாக, வாடையில்லாமல் இருக்கும். முள் குறைவு, குழந்தைகளுக்கும் கொடுக்கலாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை தடவி அரை மணி ஊறவைத்து வறுத்தால் விராலுக்குக் கிட்டத்தட்ட நிற்கும். பாதரசம் போன்றவற்றுக்காக எந்த ஏரி மீனை எவ்வளவு சாப்பிடலாம் என்று மாநில அரசு ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதைப் பார்த்துவிட்டுச் சமையுங்கள்.

இந்தச் சனிக்கிழமைக்கு ஒரு திட்டம் சொல்கிறேன். வெள்ளி இரவு வரைபடத்தில் ஒரே ஒரு கிளையை எடுத்து, பால்ட் ரிட்ஜ், யங் டீர், சிக்ஸ் மைல், உங்கள் வீட்டுக்கு எது கிட்டமோ அது, அதில் நாலு ஓடைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு முதல் ஓடையின் தலையில் இருங்கள். ஸ்விம்பெயிட் ஒரு ராடில், ஜிக் ஒரு ராடில், வேறெதுவும் வேண்டாம். ஓடைக்கு இருபது நிமிடம். பறவையும் இல்லை, கொத்தும் இல்லை என்றால் அடுத்தது. ஒன்றில் கொத்து விழுந்தால் அங்கேயே நின்று, வெயில் ஏற ஏற, அதே பள்ளத்தோடு ஆழத்துக்கு இறங்குங்கள். எத்தனை மணிக்கு எத்தனை அடியில் கொத்தியது என்று மட்டும் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறு சனிக்கிழமை அதே ஓடையில், அதே நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நிற்கவேண்டும்.